அல்சைமர் உள்ள அம்மா நடுச்சாமத்தில் எழுந்துகொள்கிறார்: தூக்க மாத்திரை கொடுக்கலாமா, இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுக்க வேண்டுமா?

மாத்திரையைப் பிறகு பார்க்கலாம். இன்று ராத்திரி கைப்பேசியைச் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். அம்மா எழுந்து உட்கார்ந்ததும் வீடியோ எடுங்கள். முகம் தெரிய வேண்டும், இரண்டு கையும் தெரிய வேண்டும். "அம்மா" என்று கூப்பிடுங்கள், பதில் வருகிறதா பாருங்கள். மூன்று நான்கு ராத்திரி எடுத்ததைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம்தான். அம்மாவுக்கு 74 வயது, அல்சைமர் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துகொள்கிறார், மூளையில் மின்சாரக் கோளாறாக இருக்கலாம் என்று எங்கோ படித்தீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீங்கள் கடைசிப் பிள்ளை. அண்ணன் கோலாலம்பூரில், அக்கா சிங்கப்பூரில், இருவருமே வாட்சப்பில் டாக்டர்கள். கண்விழிப்பது மட்டும் உங்கள் வீட்டில். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். என் வீட்டுக் கதை அதுதான், கை தானாக அப்படி எழுதுகிறது.

நான் டாக்டர் இல்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேன், மின்சாரப் பொறுப்பாளர். 415 வோல்ட்டில் வேலை செய்கிறவன், மூளையின் மைக்ரோவோல்ட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். வந்து வந்து போகிற கோளாறைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது. மீட்டரைப் பிடிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். படியிறங்கி டீ குடிக்கப் போனதும் டிரிப் ஆகும், கரண்ட் போய்விடும்.

எங்களுக்கு மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட். என் அம்மா 1948இல் பிறந்தவர். இதே ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் தொடங்கிய வருடம். அதனால் அம்மாவின் வயதை எங்கள் வீட்டில் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பத்து வயதில் பாட்டியோடு மங்கு (ரப்பர் பால் வடியும் கிண்ணம்) துடைக்கப் போனவர், அப்புறம் தன் பெயரிலேயே நிரை (மர வரிசை) வாங்கி, 55 வயது வரைக்கும் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, சோறு வடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் காவும் காண்டா வாளியோடு பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) கிளம்பிவிடுவார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் அந்த நேரம்.

அல்சைமர் வந்த பிறகு அந்த மூன்றரை மணி திரும்பி வந்தது. தாமான் (குடியிருப்பு) வீட்டு இரும்புக் கதவைப் பிடித்து, பால் வெட்டும் உளியைக் கேட்டு உலுக்குவார். "உளிய எங்கடா வச்ச? பெரட்டுக்கு நேரமாச்சு." என் மனைவிதான் சமாளிப்பாள். "அத்தை, வெளிய மழை. இன்னிக்கு வெட்டு இல்ல" என்பாள். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. அம்மாவுக்கு அந்த ஒரு காரணம் போதும், பேசாமல் போய்ப் படுத்துவிடுவார்.

இதோடு இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. சில ராத்திரிகளில் அம்மா கட்டிலை விட்டு இறங்கவே மாட்டார். உட்கார்ந்தபடியே வாயை மெல்லுவார், வெற்றிலை போட்டதுபோல. வாயில் ஒன்றும் இருக்காது. வலது கை மட்டும் கைலியின் கரையைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அப்புறம் அப்படியே சாய்ந்துவிடுவார்.

நான் அதைப் பார்த்துவிட்டு ஆலையில் எல்லாரிடமும் சொன்னேன்: "எங்கம்மா தூக்கத்துல கூட மரம் வெட்டுறாங்க." பெருமையாகவே சொன்னேன். அத்தனை வருடம் உளி பிடித்த கை சும்மா இருக்குமா என்று. கோயில் திருவிழாவில் பழைய தோட்டத்து ஆட்களிடம் சொன்னபோது ஒரு கிழவி அழுதேவிட்டார்.

என் மகள் அப்போது ஆறாம் படிவம், பள்ளியின் கடைசிக் கட்டம். பாட்டியோடு ஒரே அறையில் படுப்பவள். அவள்தான் சொன்னாள். "அப்பா, மரம் வெட்டப் போறேன்னு எந்திரிக்கிறப்ப பாட்டி பேசுவாங்க, நம்மள ஏசுவாங்க. இது அது இல்லப்பா. கண்ணு தெறந்திருக்கு, ஆனா கூப்பிட்டா பாட்டி வர்றதில்ல. மறுநாள் காலையில அம்மாவ யாருன்னு கேக்குறாங்க." சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாலு மாதம் அதைக் காதில் வாங்கவில்லை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

அந்த நாலு மாதத்தில் நான் செய்த காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலில், மூக்கொழுகலுக்குக் கொடுப்பார்களே, தூக்கம் வரவைக்கும் சின்ன மாத்திரை, அதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குக் கொடுத்தேன். மருந்துக்கடையில் யாரும் தடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் அம்மாவுக்குப் பகலிலும் தெளிவு போய்விட்டது. பிற்பாடு டாக்டர் விளக்கினார். அல்சைமரில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் குறைந்துபோகிறது, நினைவுக்கு அது முக்கியம். அதைக் கொஞ்சம் கூட்டிவைக்கத்தான் டோனெபெசில் மாத்திரை. நான் கொடுத்த பழைய வகைச் சளி மாத்திரையோ அதே பொருளின் வேலையைத் தடுப்பது. ஒரு கையால் வால்வைத் திறந்துவிட்டு மறு கையால் மூடியிருக்கிறேன். டோனெபெசிலையும் ராத்திரியில் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது சிலருக்குக் கெட்ட கனவு வரவைக்கும் என்று காலைக்கு மாற்றச் சொன்னார். உங்கள் அம்மா அதைச் சாப்பிடுகிறார் என்றால் எந்த நேரத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள்.

இரண்டாவது, மெத்தை. என் மாமா மகன் ஒருவன் நேரடி விற்பனையில் இருக்கிறான். காந்த மெத்தை, மூளையில் ஓடும் கரண்டைச் சீராக்கும் என்றான். 4,800 வெள்ளி (ரிங்கிட்). நான் சார்ஜ்மேன், காந்தம் என்ன செய்யும் என்ன செய்யாது என்று சோறு தின்பதே அதை வைத்துத்தான், நானே வாங்கினேன். அம்மாவுக்காக என்று யாராவது சொன்னால் புத்தி வேலை செய்வதில்லை. தவணை முடிய ஏழு மாதம் ஆனது. இப்போது அதில் எங்கள் பூனைதான் படுக்கிறது, நன்றாகத் தூங்குகிறது. அந்தப் பயல் இந்தத் தைப்பூசத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டான். சொந்தக்காரன் என்பதற்காக ரசீது வாங்காமல் விட்டேன் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருந்த காலத்தில் கடன்காரன் இப்படி ஒளிய முடியாது. ஒரே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), விடிந்தால் பெரட்டுக் களத்தில் முகம் பார்த்தாக வேண்டும். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, எல்லாரையும் ஆளுக்கொரு தாமானில் போட்ட பிறகு யார் முகத்தில் யார் விழிக்கிறார்கள்? சரி, அது வேறு கதை.

கடைசியில் மகளே ஒரு ராத்திரி வீடியோ எடுத்துவிட்டாள். என் அக்கா அதைக் கேள்விப்பட்டு, "பெத்தவளப் படம் புடிக்கிறீங்களே, வெக்கமா இல்லையா" என்று போனில் கத்தினாள். உங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்லலாம். டாக்டரைத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள், குடும்பக் குழுவில் போடாதீர்கள், அவ்வளவுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மாவை முதலில் பார்த்த ஒரு கிளினிக்கில் வீடியோவை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. "வயசானா இப்படித்தான்." அங்கே கடிகாரம் வரையும் பரீட்சை வேறு வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மா வட்டத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கும் மதிப்பெண் குறைத்திருப்பார்கள். அப்புறம் ஈப்போவில் நரம்பு டாக்டர் ஒருவர், பெண்மணி, அதே வீடியோவை மூன்று தடவை பார்த்தார். வாய் மெல்லுவதையும் கை துணியைப் பிடுங்குவதையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தார். "இது வலிப்பா இருக்கலாம்" என்றார்.

வலிப்பு என்றால் நமக்குத் தெரிந்தது காக்கா வலிப்புதான். விழுவார்கள், நுரை தள்ளும், யாராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். (அதுவும் பிரயோசனமில்லாத வேலை.) மூளையின் பொட்டுப் பக்கத்தில், நினைவுக்கு வேலை செய்கிற இடத்தில் மட்டும் மின்சாரம் தாறுமாறாகக் கிளம்பினால் ஆள் விழமாட்டார். வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவார், துணியைத் தடவுவார், கூப்பிட்டால் கேட்காது. தூக்கத்தில் வந்தால் பக்கத்தில் படுத்தவருக்குக்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் தெரிந்தும் நான் அதற்கு உளி என்று பெயர் வைத்திருந்தேன்.

இ.இ.ஜி. பகலில் எடுத்தார்கள், அரை மணி நேரம். ஒன்றும் இல்லை, சரியாக இருக்கிறது என்று வந்தது. அண்ணன் உடனே, "பாத்தியா, வீண் செலவு" என்று செய்தி போட்டான். நான் டாக்டரிடம் கேட்டேன்: "மேடம், நான் மீட்டரப் புடிக்கிறப்ப டிரிப் ஆகலன்னா லைன் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். இங்க மட்டும் எப்படி?" அவர் சிரித்துவிட்டார். அதற்காகத்தான் தூங்கும்போது மறுபடி எடுக்கப் போகிறோம் என்றார்.

அந்த நாள் எனக்கு மறக்காது. மண்டையில் வயர் ஒட்ட வேண்டும், தலைமுடியில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது, முதல் நாளே சீயக்காய் போட்டு அலசிவிடுங்கள் என்று மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லியிருந்தார். காலையில் காரில் ஏறும்போது அம்மா தலையைத் தடவிப் பார்த்தார். "தலைக்கு எண்ணெ வைக்காம எங்கடி கூட்டிட்டுப் போறீங்க? எழவு வீட்டுக்கா?" எந்த நாள், எந்த ஊர், நான் யார் எதுவும் தெரியாதவருக்கு அது தெரிந்தது. ஈப்போ போகும் வரைக்கும் செத்தது யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மனைவி பாதி வழியில் அழுதுவிட்டாள்.

இருபதுக்கு மேல் வயர். அம்மா கண் அசர அசர, திரையில் ஓடிய பொடிக் கோடுகள் மெதுவாகிப் பெரிய அலைகளாக மாறின. அது ஆரோக்கியமான தூக்கத்தின் லட்சணமாம். அந்த அலைகளுக்கு நடுவில், இடது பொட்டுப் பக்கத்துக் கோடுகளில் மட்டும், ஊசி குத்தினதுபோல ஒரு கூர்முனை. கொஞ்சம் கழித்து இன்னொன்று. முகத்தில் ஒரு அசைவும் இல்லை, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கூர்முனை வேறு, வலிப்பு வேறு, இதை மட்டும் வைத்து மருந்து தரமாட்டேன், வீடியோவும் இதுவும் சேர்ந்ததால்தான் தருகிறேன் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

அப்புறம் மகள் தேடிப் படித்து எனக்குச் சொன்னவை இவை. 2016இல் கலிபோர்னியாவில் ஒரு குழு, அதுவரை வலிப்பே வராத 33 அல்சைமர் நோயாளிகளுக்கு ராத்திரி முழுக்க இ.இ.ஜி.யும், கூடவே மூளையின் காந்தப்புலத்தைப் பதியும் ஒரு பரிசோதனையும் செய்தது. 14 பேரிடம் இந்த மாதிரி வெளியே தெரியாத மின் கோளாறு. வியாதி இல்லாத 19 முதியவர்களில் 2 பேரிடம்தான். கோளாறு இருந்தவர்களுக்குப் புத்தித் தேர்வு மதிப்பெண்ணும் வேகமாக இறங்கியிருக்கிறது. அடுத்த வருடம் பாஸ்டனில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். இரண்டே பெண்கள், அல்சைமர் நோயாளிகள். மண்டை ஓட்டின் அடியில் இயற்கையாகவே இருக்கும் துவாரம் வழியாக மெல்லிய வயரை விட்டு, ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதிக்குப் பக்கத்திலேயே பதிவு செய்தார்கள். அங்கே தூக்கத்தில் வலிப்பும் கூர்முனைகளும் பதிவாயின. மண்டைக்கு மேலே ஒட்டிய வயரில் அவை பெரும்பாலும் தெரியவே இல்லை. இரண்டு பேரை வைத்து எல்லாருக்கும் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவை எடுத்த இ.இ.ஜி. 'நார்மல்' என்றால் அது எவ்வளவு தூரத்துக்கு நார்மல் என்பது அதிலிருந்து புரியும்.

தூக்கத்தில் வருவது ஏன் மோசம் என்றால், பகலில் பார்த்ததைக் கேட்டதை ஹிப்போகாம்பஸ் ஆழ்ந்த தூக்கத்தில்தான் மறுபடி ஓட்டிப் பார்த்து, மூளையின் மேற்பகுதியில் நிலையாக எழுதிவைக்கிறது. ஸ்டோரில் ராத்திரி கணக்கு எழுதுவதுபோல. எழுதுகிற நேரத்தில் மின்சாரம் வெட்டினால்? இன்னொரு பக்கம், நரம்புகள் அதிகமாக வேலை செய்யும் இடத்தில் அமிலாய்டு என்ற புரதமும் அதிகமாக வெளிவருகிறது. அல்சைமரில் மூளையில் படிவது அதுதான். 2018இல் ஆரோக்கியமான 20 பேரை ஒரே ஒரு ராத்திரி தூங்கவிடாமல் வைத்து ஸ்கேன் எடுத்தபோது, ஹிப்போகாம்பஸ் பக்கத்தில் அது 5 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்ததாம். தூக்கம் கெட்டால் புரதம் கூடுகிறது, புரதம் கூடினால் நரம்பு கொதிக்கிறது, நரம்பு கொதித்தால் தூக்கம் கெடுகிறது. எது முதலில் என்று ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, "நான் முப்பது வருஷம் நைட் ஷிப்ட் பாத்தேன், எனக்கும் வருமா" என்று என்னிடம் கேட்காதீர்கள். நானும்தான் பார்த்தேன். நானும் அதை யோசித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அம்மாவுக்கு லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை, குறைந்த அளவில். இங்கே கவனியுங்கள், இல்லாவிட்டால் 'வலிப்பு மாத்திரை அல்சைமரைக் குணப்படுத்தும் என்கிறான்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2021இல் வெளிவந்த ஒரு சோதனையில் 34 நோயாளிகளுக்கு இதையே 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நாலு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் எடுத்தால் முன்னேற்றம் இல்லை. இ.இ.ஜி.யில் கோளாறு தெரிந்தவர்களுக்கு மட்டும் சில தேர்வுகளில் நன்றாக வந்தது. அம்மாவுக்குக் கொடுப்பது வலிப்புக்காக. முதல் இரண்டு வாரம் எரிச்சல் தாங்க முடியவில்லை, பூனையைக்கூட ஏசினார். இந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பொறுத்துக்கொண்டோம்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாய் மெல்லுவதும் துணி பிடுங்குவதும் நின்றுவிட்டன. போன ஹரி ராயா சமயத்தில் ஒரு தடவை வந்தது, அதுவும் ஒரு வேளை மாத்திரை தவறிய மறுநாள். காலையில் மனைவியை "நீ யாரு" என்று கேட்பது குறைந்திருக்கிறது. இல்லாமல் போகவில்லை. போன நினைவு எதுவும் திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அக்காவுக்கு மட்டும் நான் இன்னமும் பெற்றவளுக்குக் காக்கா வலிப்பு மாத்திரை கொடுக்கிற பாவி.

உங்கள் அம்மாவுக்கு இருப்பது இதேதான் என்று நான் சொல்லவரவில்லை. மூத்திரக் கடுப்பாக இருக்கலாம், மூட்டு வலியாக இருக்கலாம், குறட்டையில் மூச்சு நின்று நின்று வருவதாக இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். கனவில் சண்டை போடுவதுபோல உதைத்துக் கத்துகிறார் என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள், அது லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயின் அடையாளமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் வீடியோதான் முதலில். நடந்த நேரத்தையும், மறுநாள் காலை எப்படி இருந்தார் என்பதையும் ஒரு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டில் சீனன் கடையில் கொடுத்த நாட்காட்டிதான், டாக்டர் அதையே வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்.

மூன்றரை மணி எழுப்பம் மட்டும் போகவில்லை. அது வலிப்பும் இல்லை, அதற்கு மாத்திரையும் இல்லை. நேற்றும் கதவு ஆடியது. மனைவிக்குக் காய்ச்சல், நான்தான் எழுந்து போனேன்.

"அம்மா, மழை. வெட்டு இல்ல. வந்து படுங்க."

அம்மா தலையைச் சாய்த்துக் கூரையைக் கேட்டார். "சத்தமே இல்லையேடா?"

"தூறல்மா."

"தூறலுக்கு மரம் நனையாதுடா. போ, போய் வாளிய எடு."